வேட்டைக்காரர் வீட்டுத் தாழ்வாரம்

ராம்நகர் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புலி பார்க்க வந்தவர்கள். வாசலிலேயே ஜீப்காரர்கள் மடக்கிக்கொள்கிறார்கள். பிஜ்ரானி, ஜிர்னா, டிக்காலா என்று காட்டுக்குள் போகும் வழிகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஊர் முழுக்கக் கார்பெட் பெயர்தான். விடுதி, தாபா, செல்போன் கடை எதையும் விட்டுவைக்கவில்லை. 1936இல் ஹெய்லி தேசியப் பூங்கா என்று இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இங்கேதான் உருவானது. ஜிம் கார்பெட் கென்யாவில் இறந்த பிறகு, 1957இல், அவர் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அந்த மனிதர் குடியிருந்த வீடு மட்டும் பூங்காவுக்குள் இல்லை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜீப்காரர்களை விலக்கிவிட்டு, கிழக்கே காலாதுங்கிக்குப் போகும் பேருந்தில் ஏற வேண்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம்.

பிப்ரவரி முடியும் நேரம். சாலையின் இருபுறமும் சால மரங்கள் இலை பழுத்து நின்றன. இடையிடையே இலவம் சிவப்பாகப் பூத்திருந்தது. வழியில் பவல்கட் என்று ஒரு கைகாட்டிப் பலகை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கார்பெட்டைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. 1920களில் அந்த வட்டாரத்து வேட்டைக்காரர்கள் எல்லாம் ஆசைப்பட்டுத் துரத்திய ஒரு பெரிய ஆண் புலியை 1930 குளிர்காலத்தில் கார்பெட் அங்கே சுட்டார். அது யாரையும் தின்ற புலி அல்ல. ஆட்கொல்லிகளிடமிருந்து மலைமக்களைக் காப்பாற்றியவர் என்று அவரைக் கும்பிடுகிறவர்கள் இந்தக் கதையைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர் தாண்டவில்லை, தன் முதல் புத்தகத்திலேயே ஒரு தனி அத்தியாயமாக எழுதிவைத்தார். நானும் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் தன் வாழ்க்கையின் பெரும்பகுதியில் விளையாட்டுக்காகவும் விருந்தாளிகளுக்காகவும் வேட்டையாடிய, வைஸ்ராய்களுக்குப் புலி காட்டிக் கொடுத்த, வெள்ளை அரசாங்கத்தை மனதார நம்பிய மனிதர். இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் அவரைப் பிடிக்க வேண்டும்.

காலாதுங்கி, நைனிடால் மலையின் அடிவாரத்தில் இருக்கும் நாற்சந்தி ஊர். ராம்நகர், ஹல்துவானி, பாஜ்பூர், நைனிடால் என்று நாலு பக்கமும் சாலை பிரிகிறது. சந்தியிலிருந்து நடக்கும் தூரத்தில் கார்பெட்டின் குளிர்கால வீடு. 1922இல் கட்டியது. இப்போது வனத்துறையின் அருங்காட்சியகம். வாசலில் மார்பளவுச் சிலை. உள்ளே மாமரங்களும் பெரிய நிழல்மரங்களும். வேட்டைக்காரர் வீடு என்றால் சுவர் முழுக்கப் புலித்தலையும் மான்கொம்பும் இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். நாற்காலி, மேசை, கடிதங்கள், மங்கிய புகைப்படங்கள். நம்மூரில் ஓய்வுபெற்ற தாசில்தார் கட்டியிருக்கக்கூடிய அளவான ஓட்டு வீடு. முன்னால் ஒரு தாழ்வாரம்.

அந்தத் தாழ்வாரத்தில்தான் நெடுநேரம் நின்றேன். குளிர்காலக் காலைகளில் அதில் நோயாளிகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மலேரியா, நிமோனியா, கண்நோய், கரடி கீறிய முதுகு, மாடு முட்டிய விலா. மருந்து கொடுத்தவர் ஜிம்மின் அக்கா மேகி. ஜிம்முக்கு ஒரு வயது மூத்தவர். டாக்டர் அல்ல, படித்தும் பழகியும் கற்றுக்கொண்டதுதான். அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, தம்பிக்கும் ஆகவில்லை. அம்மா மேரி ஜேன் 1924இல் சாகும்வரை மூவரும், அம்மாவின் முதல் மணத்தில் பிறந்த மூத்த சகோதரி மேரி டாயிலும், ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் காலாதுங்கி. மேரி டாயில் 1940இல் போனார். ஜிம்மும் மேகியும் கடைசிவரை பிரியவில்லை.

பெண்டாட்டி பிள்ளை இல்லாதவரை எப்படிக் குடும்பஸ்தன் என்று சொல்வது? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தானும் தாயும் மட்டுமாக நின்றுபோன அண்ணன்களை நாம் எல்லாத் தெருவிலும் பார்த்திருக்கிறோம். கார்பெட் அந்த ஜாதி. அவர் ஏன் மணம் செய்துகொள்ளவில்லை என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் துருவியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட, அவர் தாங்கிய வீடு எத்தனை பெரியது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

பெரிய வீடுதான். அப்பா கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் நைனிடாலின் போஸ்ட்மாஸ்டர், மனைவியை இழந்தவர். அம்மா மேரி ஜேனின் முதல் கணவர் 1857 எழுச்சியைத் தொடர்ந்த சண்டைகளில் கொல்லப்பட்டார். இருவரும் முதல் மணத்துப் பிள்ளைகளோடுதான் இரண்டாவதாகச் சேர்ந்தார்கள். பிறகு இருவருக்குமாக ஒன்பது பேர். 1875 ஜூலை 25 அன்று பிறந்த எட்வர்ட் ஜேம்ஸ், அதாவது ஜிம், அதில் எட்டாவது. போதாதென்று உறவுப் பிள்ளைகளும் கூடவே வளர்ந்தார்கள். 1881இல் அப்பா இறந்தபோது ஜிம்முக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. போஸ்ட்மாஸ்டர் வேலை மூத்த அண்ணன் டாமுக்குப் போனது. அம்மா, நைனிடாலுக்குக் கோடையில் வரும் துரைமார் குடும்பங்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். விதவைத் தாய் தரகு வேலை பார்த்துக் குடும்பத்தை நிமிர்த்திய கதை இது. வெள்ளைக்காரர் என்றாலே மாளிகையும் சாரட்டும் என்று நினைப்போம். இந்தியாவிலேயே பிறந்து இங்கேயே பிழைக்க வேண்டியிருந்த வெள்ளையருக்கு, லண்டனிலிருந்து வந்த அதிகாரிகள் நடுவே இரண்டாம் பந்தி இடம்தான்.

காலாதுங்கியை ஒட்டிப் போர் ஆறு ஓடுகிறது. பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். கோடை இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் பாதி கூழாங்கல்லாகக் கிடந்தது. கார்பெட் தன் பால்யத்தைச் சொல்லும் 'ஜங்கிள் லோர்' இந்தப் பாலத்தில்தான் ஆரம்பிக்கிறது. ராத்திரி நெருப்பு மூட்டிப் பிள்ளைகள் சுற்றி உட்கார, டான்சே என்ற ஐரிஷ்காரர் பேய்க்கதை சொல்வார். அதே புத்தகத்தில் இன்னொரு சங்கதி உண்டு. வீட்டுப் பெண்பிள்ளைகள் வாய்க்காலில் குளிக்கப் போகும்போது துணைக்கு ஒரு ஆண்பிள்ளை வேண்டும். கூச்சப்படத் தேவையில்லாத வயதுடையவனாகவும் இருக்க வேண்டும். பொடியன் ஜிம்முக்கு அந்த வேலை விழுந்தது. துணிமணிகளைச் சுமந்துபோய், விறகு பொறுக்க யாராவது அந்தப் பக்கம் வந்தால் குரல் கொடுக்க வேண்டும். எழுபது வயது தாண்டியபின் இதை நினைவுகூரும்போதும் அந்த உத்தியோகத்தின் மேல் அவருக்கு இருந்த கடுப்பு தெரிகிறது. எனக்கு என்னவோ அவருடைய பிற்கால வேலையின் ஒத்திகையாகவே அது பட்டது. புல் அறுக்கவும் தழை ஒடிக்கவும் போகும் பெண்களுக்குக் காவல் நிற்பதுதானே குமாவுன் மலைகளில் அவர் செய்தது? ஆட்கொல்லிகளிடம் சிக்கியவர்களில் பெரும்பாலோர் அப்படிக் காட்டுக்குப் போன பெண்கள்.

காட்டை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் குன்வர் சிங் என்ற கள்ள வேட்டைக்காரர். நிமோனியாவில் படுத்துப் பிழைத்து எழுந்த ஜிம்முக்கு அண்ணன் டாம் ஒரு கவண்வில் வாங்கித் தந்தார். பிறகு வில், அதன்பின் ஒரு குழல் விரிசல் விட்ட பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. மருந்து கெட்டித்துச் சுடும் ரகம். ஒரு குழலில்தான் சுட முடியும், குண்டும் மருந்தும் காசு. வீணாக்க முடியாத சிறுவன் கிட்டே போகக் கற்றுக்கொண்டான். கிட்டே போக வேண்டுமென்றால் சத்தம் போடாமல் நடக்க வேண்டும். எந்தப் பறவை எதற்குக் கத்துகிறது, எந்த மான் எதைக் கண்டு எச்சரிக்கிறது என்று தெரிய வேண்டும். வறுமைதான் அவருடைய வாத்தியார் என்று சொன்னால் மிகையில்லை.

பள்ளிப் படிப்புக்குமேல் படிக்க வசதியில்லை. இன்ஜினியர் ஆகும் ஆசையை விட்டுவிட்டுப் பதினெட்டு பத்தொன்பது வயதில் ரயில்வேயில் சேர்ந்தார். முதலில் ரயில் இன்ஜின்களுக்கு விறகு வெட்டித் தரும் வேலை. பிறகு பீகாரில், கங்கைக்கரையில், மொகாமே காட். ஒரு கரையில் அகலப்பாதை, மறுகரையில் மீட்டர்கேஜ், நடுவே ஆறு. அத்தனை சரக்கையும் இறக்கிப் படகில் கடத்தி மறுபடி ஏற்ற வேண்டும். அந்தக் கூலி ஒப்பந்தத்தை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தினார். அங்கே அவர் தானும் கூலியாட்களோடு மண்வெட்டி பிடித்து நிலக்கரி தள்ளினார், லாபத்தின் பெரும்பகுதியை அவர்களோடு பகிர்ந்துகொண்டார், சிக்கனமாக வாழ்ந்து மிச்சத்தை நைனிடாலுக்கு அனுப்பினார். உலகம் கொண்டாடும் வேட்டைகளில் சில, இந்த வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு போனவை. சம்பாவத் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டபோது அவர் ரயில்வே ஒப்பந்தக்காரர்.

மொகாமே காட்டில் அவரும் ராம்சரண் என்ற ஸ்டேஷன் மாஸ்டரும் சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். உடனே ஜாதி குறுக்கே வந்தது. மேல்ஜாதிப் பிள்ளைகள் கீழ்ஜாதிப் பிள்ளைகளோடு ஒரே குடிசைக்குள் உட்காரக் கூடாதாம். ராம்சரண் யோசித்தார். குடிசைக்குள்தானே உட்காரக் கூடாது, கொட்டகையில் உட்காரலாமே! சுவர்களைப் பிரித்துப் போட்டார்கள். கூரை மட்டும் நின்றது. பள்ளிக்கூடம் நடந்தது. பிற்பாடு அரசே ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. 'மை இந்தியா'வில் கார்பெட் இதைச் சொல்லும்போது புகழ் முழுவதையும் ராம்சரணுக்கே கொடுத்துவிடுகிறார்.

அருங்காட்சியகத்துப் பின்னால் தொடங்குகிறது சோட்டி ஹல்துவானி. 1915இல் கார்பெட் இங்கே 221 ஏக்கர் நிலம் வாங்கிக் குடிகளை அமர்த்தினார். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் சமிதி ஒன்று வழிகாட்டியோடு ஊரைச் சுற்றிக் காட்டுகிறது. என்னோடு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். குமாவுனில் மூத்தவர்களைக் கூப்பிடும் முறையில் அவரைத் தாஜு என்றே கூப்பிட்டேன். அவர் என்னை "மதராஸ் பாய்சாப்" ஆக்கிவிட்டார். திருத்திப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். கோதுமை முழங்கால் உயரம் நின்றது. கடுகு முற்றிக் காய் பிடித்திருந்தது. வாய்க்காலில் தெளிந்த தண்ணீர்.

"முதலில் மதில்" என்றார் தாஜு. ஊரைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கல்மதில். காட்டுப்பன்றியும் மானும் பயிரில் இறங்கக் கூடாது என்று கார்பெட் தன் செலவில் கட்ட ஆரம்பித்தார். முடிய வருஷக்கணக்கில் ஆனது. கிட்டே போய்ப் பார்த்தேன். சாந்தில்லை. ஆற்றுக்கற்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றுக்கொன்று கவ்வும்படி அடுக்கியிருக்கிறார்கள். பெரிய கல் கீழே, இடுக்கில் சில்லு, மேலே மறுபடி பெரிய கல். பாசி பிடித்த பழைய வரிசைக்கு நடுவே சில இடங்களில் கல் வெளுப்பாக இருந்தது. சமீபத்தில் சரிந்து மறுபடி அடுக்கிய இடங்கள். ஓரிடத்தில் சிமென்ட் பூசியிருந்தார்கள். "அது நாங்கள்" என்றார் தாஜு, கொஞ்சம் வெட்கத்தோடு.

ஊருக்குள் மோதி சிங்கின் வீடு இருக்கிறது. 'மை இந்தியா'வில் வரும் அதே மோதி. கார்பெட் தன்னோடு கூடவே இருந்த அவருக்குக் கட்டிக்கொடுத்த வீடு. இன்னொரு இடத்தில் ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும் சௌபால். பயிர்க்காவலுக்கென்று அவர் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி இன்னும் இங்கே பத்திரமாக இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அவருக்குக் காப்பித் தோட்டத்தில் பங்கு உண்டு. போய்வரும்போது புது ரக மக்காச்சோள விதை கொண்டுவந்து இங்கே விதைக்கச் செய்தார். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய நிலத்தீர்வையைக் குடிகளிடம் வாங்காமல் அவரே கட்டினார். நாட்டை விட்டுப் போன பிறகும் கட்டினார். கடைசியில் நிலம் உழுதவர்களுக்கே ஆனது.

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. நிலம் வாங்கிய துரை, குடிவைக்கப்பட்ட ஏழைகள், வழக்குத் தீர்க்கும் துரை, மருந்து தரும் அம்மா. எஜமான் நல்லவராக இருந்ததால் கதை நன்றாக முடிந்தது. ஊரையே தன் வீடாக நினைத்தவர், அந்த வீட்டின் தலைவராகத் தன்னைத்தான் நினைத்தார். கூட இருந்தவர்களைத் தன் 'ஏழைகள்' என்று அன்போடு எழுதும்போதெல்லாம் அந்த 'தன்' எனக்கு உறுத்தும். தாஜுவிடம் இதை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். அவருக்கு அதில் அக்கறையில்லை. "என் தாத்தாவுக்கு நிலம் கிடைத்தது, பாய்சாப்" என்று நடையைக் கட்டினார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்: "உங்கள் பக்கம் புலி உண்டா?" முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆட்கொல்லி வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். 2021இல் முதுமலைப் பக்கம் டி23 என்ற புலியைத் தேடிய கதையைச் சொன்னேன். நாலு பேரைக் கொன்ற புலி அது. சுட வேண்டும் என்று மக்கள் மறியல் செய்தார்கள்; கொல்வதற்கு அவசரப்பட வேண்டாம் என்றது உயர்நீதிமன்றம். கும்கி யானைகள், மோப்ப நாய்கள், ட்ரோன்கள் என்று மூன்று வாரம் அலைந்து, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். வயதேறிய புலி, உடம்பெல்லாம் காயம். தாஜு தலையை ஆட்டினார். "காயம்தான். சாகிப்பும் அதைத்தான் சொன்னார்."

ஆம், அதைத்தான் சொன்னார். ஆட்கொல்லியாகப் புலி பிறப்பதில்லை. இயல்பான இரையைப் பிடிக்க முடியாதபடி முடமாகும்போது மனிதனிடம் திரும்புகிறது என்பது அவர் வாழ்நாள் வாதம். 1907இல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன; என்றோ யாரோ சுட்ட குண்டின் வேலை. முக்தேசர் புலிக்கு முள்ளம்பன்றியோடு மோதியதில் ஒரு கண் போயிருந்தது. காலில் ஐம்பது முள் வரை தைத்துச் சீழ்பிடித்திருந்தன. குற்றப்பத்திரிகையில் முதல் குற்றவாளி, குறி தவறிச் சுட்டுவிட்டுத் தேடாமல் வீட்டுக்குப் போன வேட்டைக்காரன். தன் கூட்டத்தைப் பற்றித் தானே எழுதிய வாக்குமூலம் அது.

சம்பாவத்துக்குப் போகுமுன் அவர் இரண்டு நிபந்தனை போட்டார்: புலியின் தலைக்கு அறிவித்த பரிசுத்தொகையை ரத்து செய்ய வேண்டும், காட்டில் திரியும் மற்றத் துப்பாக்கிக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். காசுக்குக் கொல்கிறவன் என்ற பெயர் வேண்டாம் என்பது ஒன்று, பின்னாலிருந்து எவனாவது சுட்டுவிடக் கூடாது என்பது மற்றொன்று. கடைசிக் குண்டு தாசில்தாரிடம் கடன் வாங்கிய ஓட்டைத் துப்பாக்கியிலிருந்து போனது. ஆனால் அந்த வேட்டையில் எனக்கு மறக்காதது பாலி கிராமத்துப் பெண். ஒரு வருஷத்துக்கு முன் அக்காவும் தங்கையும் காட்டுக்குப் போன இடத்தில் அக்காவைப் புலி கவ்விப்போனது. தங்கை கையில் அரிவாளோடு அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். புலி திரும்பி அவளைத் துரத்தியது. ஊர் வந்து சேர்ந்தவளுக்குப் பேச்சு வரவில்லை. அதன்பின் பேசவே இல்லை. கார்பெட் புலியைக் கொன்ற பிறகு நேராக நைனிடாலுக்குப் போயிருக்கலாம். பாலிக்கு வந்து அவள் வீட்டு வாசலில் தோலை விரித்தார். அவள் ஊரைக் கூப்பிட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள். வாயால் கூப்பிட்டாள்.

மருத்துவர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்கு வேண்டியது, அக்காவைப் பறிகொடுத்த ஒருத்தி பார்க்க வேண்டும் என்பதற்காக அவர் எடுத்துக்கொண்ட சிரமம். பரிசு வேண்டாம் என்றவர் சுமந்துபோன ஒரே பரிசு அந்தத் தோல். அதையும் முதலில் விரித்த இடம் அவள் வாசல்.

வயது ஏற ஏற அவருக்குத் துப்பாக்கியைவிட கேமராவில் மோகம் வந்தது. கேமராவோடு இதே காடுகளில் அலைந்த வனஅதிகாரி சாம்பியன் ஒரு தூண்டுதல். 1938இல் ஓடைக்கரையில் மாதக்கணக்கில் காத்திருந்து, பட்டப்பகலில் ஏழு புலிகளைச் சலனப்படமாகப் பிடித்தார். அதே வருஷம் நவம்பர் 30 அன்று தாக் கிராமத்தில் கடைசி ஆட்கொல்லியைச் சுட்டார். வயது 63. பொழுது சாய்ந்து குறி தெரியாமல் போகும் தறுவாயில், ஆண்புலி போலக் குரல் கொடுத்து அதை வரவழைத்தார். அதற்கு ஒன்பது வருஷம் முன்பு தல்லா தேஷில், காதுக்குள் கட்டி பழுத்து ஒரு கண்ணும் மூடி, கிட்டத்தட்டச் செவிடாக அலைந்து புலி சுட்டிருக்கிறார். நெஞ்சழுத்தம் அத்தனை. ஆனால் இம்முறை, இதுதான் கடைசி என்று மேகியிடமும் தனக்கும் சொல்லிக்கொண்டு போயிருந்தார்.

தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு சின்னச் சமாதிகள்: ராபின், ரோசினா. வளர்த்த நாய்கள். ராபினைப் பதினைந்து ரூபாய் கொடுத்து வாங்கினார். ஏழு குட்டிகளில் நோஞ்சான் குட்டி. புத்தகத்தில் அதற்கும் ஒரு அத்தியாயம் உண்டு. புலிக்கதைகளைவிட அதை நான் அதிகத் தடவை படித்திருக்கிறேன்.

காலாதுங்கியிலிருந்து நைனிடாலுக்கு மலைப்பாதை ஏறுகிறது. வண்டியில் ஒரு மணி நேரம். கார்பெட் குடும்பத்துக்கு அது பதினைந்து மைல் நடை. குர்பாதால் ஏரியைக் கீழே விட்டுவிட்டு, பைன் மரங்களுக்குள் புகுந்ததும் காது அடைத்தது. ஊருக்குள் நுழைந்தால் ஏரியைச் சுற்றிக் கார்கள், படகுக்காரர்களின் கூப்பாடு, மேகி நூடுல்ஸ் கடைகள். மேகி என்ற பெயரை அந்த ஊரில் இத்தனை பலகைகளில் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

ஏரியின் வடகோடியில் ஒரு பெரிய மைதானம். 1880 செப்டம்பர் 18 அன்று, விடாமல் பெய்த மழைக்குப் பின் மலை சரிந்து 151 பேரைப் புதைத்தது. அந்த மண் நிரவி உண்டான இடம் இது. ஐந்து வயது ஜிம் அப்போது நைனிடால் பிள்ளை. அந்தச் சரிவுக்குப் பிறகு குடும்பம் எதிர்ப்பக்கத்து அயர்பட்டா மலைக்கு இடம்பெயர்ந்து கர்னி ஹவுஸைக் கட்டியது. அதுதான் அம்மாவின் வீடு. இப்போது தனியார் சொத்து. அனுமதி கேட்டு, ஓக் மரங்களுக்கு நடுவே சாய்வான தகரக்கூரையை வெளியிலிருந்து பார்த்தேன். இந்த வீட்டிலிருந்துதான் அவர் பல ஆட்கொல்லிகளைத் தேடிப் புறப்பட்டார், திரும்பி வந்து சொன்னார். கேட்டவர்கள் மூன்று பெண்கள். அவருடைய எழுத்தில் வீரப்பிரதாபம் இல்லாமல், தாமதமாக வந்தவர் காரணம் சொல்லும் நிதானம் இருப்பதற்கு அந்தக் கேட்பவர்கள்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். அம்மாவிடம் யார் அளக்க முடியும்? 1935இல் நூறே பிரதி அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்ததுதான் முதல் முயற்சி. 1944இல் பம்பாயில் 'மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்' வெளிவந்தபோது அவருக்கு 69 வயது. அதன் வருமானத்தைப் போரில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களின் இல்லத்துக்குக் கொடுத்தார். உலகப் புகழ் பெற்றதெல்லாம் அதற்கு அப்புறம் கிடைத்த பதினோரு வருஷங்களில்.

அந்தப் பதினோரு வருஷத்தில் ஏழு வருஷத்துக்கு மேல் அவர் இந்தியாவில் இல்லை. 1947 கடைசியில், ஜிம்முக்கு 72, மேகிக்கு 73 வயதில், வீட்டை விற்றுவிட்டு பம்பாயில் கப்பலேறினார்கள். புதிய நாட்டில் வெள்ளையருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். தனக்குப் பிறகு மேகி தனியாகிவிடுவாளே என்பது இன்னொரு பக்கம். கென்யாவில் உறவுக்காரர்கள் இருந்தார்கள். புறப்படுமுன் துப்பாக்கிகளைக் காலாதுங்கிக் காட்டில் அக்காவும் தம்பியுமாகப் புதைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. தாஜுவும் சொன்னார். இடம் மட்டும் யாருக்கும் தெரியாது. பயம் வீண்தான் என்று இன்றைக்கு நமக்குச் சுலபமாகத் தெரிகிறது. சோட்டி ஹல்துவானியில் அவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் ஒரு நாட்டின் எதிர்காலத்தை எடைபோட்டதைவிட ஒரு வயதான அக்காவின் எதிர்காலத்தைத்தான் எடைபோட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

கென்யாவின் நியேரி ஊரில், சாரணர் இயக்கத்து பேடன் பவலுக்கென்று கட்டிய 'பாக்ஸ்டு' என்ற குடிலில் இருவரும் வாழ்ந்தார்கள். 1952 பிப்ரவரி 5 இரவு, பக்கத்துக் காட்டில் மரத்தின் மேல் கட்டிய ட்ரீடாப்ஸ் விடுதியில் இளவரசி எலிசபெத் தங்கினார். ஏணி முடியும் இடத்தில் துப்பாக்கியோடு விடியவிடிய காவல் உட்கார்ந்தவர் 76 வயது கார்பெட். அந்த இரவில் இங்கிலாந்தில் அரசர் இறந்துபோக, இறங்கும்போது இளவரசி ராணியாகிவிட்டார். வாய்க்கால் கரையில் அக்காமார் துணிக்குக் காவல் நின்ற பையன் செய்ததும் இதே வேலைதான் என்று நைனிடால் ஏரிக்கரையில் நடந்தபடி நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அந்த இரவைப் பற்றிய சிறு புத்தகத்தை எழுதி முடித்த கையோடு, 1955 ஏப்ரல் 19 அன்று மாரடைப்பில் இறந்தார். நியேரியில் புனித பீட்டர் தேவாலயத்து மயானத்தில் அடக்கம். மேகி அதற்குப்பின் எட்டு வருஷம் இருந்தார். ரூபி பேட்ஸ் என்ற தோழி பக்கத்தில் உட்கார்ந்து, மேகி சொல்லச் சொல்ல எழுதிவைத்துக்கொண்டார்: தம்பியின் சிறுவயது, அம்மாவின் கண்டிப்பு, காலாதுங்கி வீட்டு நடைமுறை. பிற்பாடு கார்பெட்டின் வாழ்க்கையை எழுத வந்தவர்கள் அந்தத் தாள்களைத்தான் தேடிப்போனார்கள்.